கழித்துவிட்ட தண்ணீர்

பழைய அலுமினியம் விற்க வருகிறவன் எடை ஏற்ற என்னென்ன செய்வான் என்பது நோட்டன் பிரிட்ஜ் ஊரில் அலுமினியச் சட்டிப் பட்டறை நடத்தும் ரிஸ்வி முதலாளிக்கு அத்துப்படி. அண்டாவின் அடியில் மண் அப்புவான். குழாய்க்குள் தண்ணீர் ஊற்றி, இரண்டு முனையையும் சுத்தியலால் நசுக்கி மூடுவான். அன்று காலை வந்த சிவசாமியும் அப்படித்தான். முதலாளி குழாயைக் காதோரம் வைத்துக் குலுக்கினார்.

"என்னா சிவசாமி, கொழாய்க்கு நீர்க்கோவையா?"

சிவசாமி பல்லைக் காட்டினான். தண்ணீருக்கும் சேர்த்து எடையைக் கழித்து வாங்கிக் குவியலில் எறிந்தார் முதலாளி. அறுத்துக் கொட்டிவிட்டு வாங்கலாம்தான். தராசில் ஜெயித்த மனிதருக்கு அவ்வளவு பொறுமை ஏது? கணக்கில் கழிந்த தண்ணீர் குழாயிலிருந்தும் போய்விட்டது என்று அவர் மனசு முடிவு கட்டிக்கொண்டது.

நண்பகல் லுஹர் தொழுகையை முடித்துவிட்டுப் பட்டறைக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றார். சட்டி வார்க்கும் யோகேஸ்வரன், நீள இடுக்கியால் அந்தக் குழாயைப் பிடித்து உலைச்சட்டிக்குள் இறக்கிக்கொண்டிருந்தான். ஒரு முனை மூழ்கிவிட்டது.

"மொதலாளி, இங்க பாருங்களே! சோத்துப்பானை மாதிரி கொதிக்குது!"

உருகிய அலுமினியம் எந்த உலையிலும் கொதித்ததில்லை. கண்ணாடி போல் சும்மா கிடக்கும். இப்போதோ குழாயைச் சுற்றிக் குமிழி மேல் குமிழியாக எழும்பி, உடைந்து, வெள்ளித்துளிகளாகத் தெறித்தது.

ரிஸ்வி கத்த வாயெடுத்து அடக்கிக்கொண்டார். கத்தினால் இவன் பதறி இடுக்கியை விட்டுவிடுவான். விட்டால் குழாய் முழுக்க உள்ளே போகும். சட்டியில் இருப்பதெல்லாம் இவன் முகத்துக்கு வரும்.

"யோகேசு," பேரம் பேசுகிறவர் போலக் குரலைத் தணித்தார். "கைய விட்றாத. மெதுவா மேல தூக்கு."

"ஏங்க?"

"உள்ள தண்ணி இருக்கு."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரிஞ்சுதானே வெலையக் கொறச்சேன்! தூக்குடா, அல்லாஹ்வுக்காக!"

யோகேஸ்வரன் அவரை ஒரு பார்வை பார்த்தான். குழாய் அங்குலம் அங்குலமாக எழுந்தது. குமிழிகள் பெருத்தன. வெளியே வந்ததும் வாசலுக்கு அப்பால் சரிவில் அவன் அதை வீச, இருவரும் செங்கல் சுவருக்குப் பின்னால் விழுந்தார்கள்.

வெடித்த சத்தத்தில் கூரைத் தகரம் அதிர்ந்தது. நசுக்கிய முனை பிய்ந்து, நிலைக்கட்டையில் குத்தி நின்றது.

பிறகு யோகேஸ்வரன் எழுந்து இடுக்கியை முதலாளியின் கையில் திணித்தான்.

"மிச்சத்த நீங்களே போடுங்க மொதலாளி. எதுல கழிச்சீங்கன்னு ஒங்களுக்குத்தானே தெரியும்."

ரிஸ்வி குவியலைப் பார்த்தார். அதில் எவையெவை என்று அவருக்கே நினைவில்லை.