பக்கத்துக் கட்டிலின் வலி

"வலிக்கிறது எனக்குத்தாண்ணே. ஆனா என்னோட வலி இல்ல. நேத்து வரைக்கும் வயித்துல இருந்துச்சு, இன்னைக்கு நெஞ்சுக்கு ஏறிருச்சு."

"அம்புட்டுப் பெரிய மனுசனுக்குச் சொந்த வலியக்கூடத் தன்கிட்ட வச்சுக்கத் தெரியல பாரு மாப்ள."

முதலில் பேசியவன் முத்திருளன், செல்லூரில் விசைத்தறி ஓட்டுகிறவன். கால் ஒடிந்து, காளவாசலுக்கு மேற்கே இருந்த தர்ம ஆஸ்பத்திரியில் கிடந்தான். கேலி செய்தவர் எதிர்க்கட்டில் நல்லகாமன். வலிக்குச் சொந்தக்காரர் முத்திருளனுக்கு அடுத்த கட்டிலில் இருந்த வடக்கத்திப் பெரியவர். ராமேஸ்வரத்துக்குப் போகும் வழியில் ரயிலில் மயங்கி, கூட வந்தவர்களைத் தவறவிட்டவர்.

அந்த ஆஸ்பத்திரியில், சொல்ல மொழியில்லாதவர்களின் வலி பக்கத்துக் கட்டிலுக்குப் போய்விடும். எமர்ஜென்சிக்கு முந்தைய கோடையில் அது தொடங்கியது. கிணறு வெட்ட வந்த ஆந்திரக்காரர் ஒருவரின் வயிற்றுவலி திருப்பரங்குன்றத்து பஸ் கண்டக்டருக்குப் போனது. கண்டக்டரின் வயிற்றைத் திறந்து பார்த்தார்கள். ஒன்றுமில்லை என்று தைத்து மூடினார்கள். கிணறு வெட்டுகிறவர் ஒரு முனகல்கூட இல்லாமல் மறுநாள் செத்துப்போனார். தவறு முன்வாசலிலேயே நடந்திருந்தது. சீட்டு எழுதுகிறவர் "தமிழ் தெரியுமா?" என்று தமிழில்தான் கேட்பார். வந்தவர் மரியாதைக்குத் தலையை ஆட்டுவார். தலையாட்டினால் தெரியும் என்றுதான் மதுரையில் எடுத்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு நர்ஸ் செல்லக்கிளி காலையில் காய்ச்சல் பார்க்கும்போதே, "சம்பந்தமில்லாத வலி ஏதாச்சும் இருக்கா?" என்று ஒவ்வொரு கட்டிலிலும் கேட்டுவிடுவாள். இருந்தால் பக்கத்துக் கட்டில்காரரின் மொழி தெரிந்த ஆளைத் தேடுவார்கள். ஆள் வந்து கேட்ட முதல் கேள்வி புரிந்ததுமே வலி உரியவரிடம் திரும்பிவிடும். அவர் அலறுவார், வார்டே நிம்மதியாக மூச்சு விடும்.

இந்தப் பெரியவருக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. அத்தர் கடை அப்துல் அலீம் உருதுவில் கேட்டுப் பார்த்தார். "என்கிட்டயும் தலையத்தான் ஆட்டுறாரு தம்பி, இது நம்ம பாஷை இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனவர், வடக்கேயிருந்து வரும் ஒவ்வொரு ரயிலுக்கும் ஸ்டேஷனில் நின்று யாத்திரைக்காரர்களை விசாரித்துக்கொண்டிருந்தார். அதுவரைக்கும் டாக்டர் பெரியவரின் வயிற்றை அமுக்குவார், முத்திருளன் கத்துவான். கத்திய இடத்தை வைத்து மருந்து கொடுத்தார்கள். வயிறு குணமானது.

இன்றைக்கு முத்திருளனின் மாவுக்கட்டைப் பிரித்தாயிற்று. மனைவி ஜெயக்கொடி துவைத்த வேட்டியோடு வந்து நின்றாள்.

"மொதலாளி தறிய வேற ஆளுக்குக் குடுக்கப்போறாராம். கெளம்புங்க."

"நான் போயிட்டா இவருக்கு எங்க வலிக்குதுன்னு யாருக்குத் தெரியும்?"

"வேற ஆளா இல்ல?"

அவன் நல்லகாமனைப் பார்த்தான்.

"என்னையப் பாக்காத மாப்ள. எனக்கு இருக்குற மூலமே போதும்."

முத்திருளன் போய்விட்டால் வேறு யாரும் அவன் கட்டிலுக்கு வர மாட்டார்கள். அது வார்டு முழுக்கத் தெரிந்த விஷயம். வெறும் கட்டிலுக்கு வலி போனால் கத்த ஆளிருக்காது. முத்திருளன் வேட்டியைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றான். நெஞ்சை யாரோ உள்ளிருந்து முறுக்கிப் பிழிவது போல இருந்தது, இடது கை மரத்தது. திரும்பிப் பார்த்தான். பெரியவர் ஆரஞ்சுப் பழத்தை உரித்து, ஒரு சுளையை ஜெயக்கொடியிடம் நீட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. அவள் வாங்கவா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள்.

டாக்டர் வார்டுக்குள் நுழைந்தார். "என்னப்பா, இன்னும் வீட்டுக்குப் போகலையா?" என்றார்.

முத்திருளன் கட்டியிருந்த வேட்டியோடு மறுபடியும் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டான்.

"டாக்டரய்யா, பெரியவருக்கு இப்ப நெஞ்சப் பிழியுது. அலீம் பாய் ஆளோட வர்ற வரைக்கும் என்னைய இங்கேயே இருக்க விடுங்க."