ஆறாவது இன்னிங்ஸில் கட்டிப்பிடித்தார்கள்

கோல்பி ராத்பர்ன் என்கிற பையனுக்குக் கால் உடைய வேண்டும் என்று நான் ஒருநாளும் வேண்டிக்கொண்டதில்லை. அந்த அளவுக்கு நான் கெட்டவள் இல்லை. தொடையில் சதை லேசாகப் பிடித்துக்கொண்டு ஒரு சீசன் பெஞ்சில் உட்கார்ந்தால் போதும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். அதுவும் பலிக்கவில்லை.

முதலில் அவன் எனக்கு வெறும் பெயர்தான். எங்கள் தலைக்கு மேலே இருக்கும் பெரிய பேஸ்பால் அணி, அந்த வருடம் பள்ளி முடித்த பையன்களில் முதல் ஆளாக அவனைத் தேர்ந்தெடுத்தது. ஜார்ஜியாக்காரன், பதினெட்டு வயது, அவுட்ஃபீல்டில், அதாவது மைதானத்தின் தூரக்கோடியில் நின்று பந்து பிடிக்கிறவன். என் கணவன் வெஸ்லியும் அவுட்ஃபீல்டுதான். மேலே, அதாவது மேஜர் லீக்கில், அவுட்ஃபீல்டுக்கு மூன்றே இடம். அந்த மூன்று இடத்துக்காகக் கீழே நாலு படியிலும் பையன்கள் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறார்கள். வெஸ்லி நின்றது மேலே ஏறுவதற்கு முந்தைய கடைசிப் படியில். மேலே இருப்பவனுக்கு ஒரு காய்ச்சல் வந்தால்கூட அடுத்து இவன்தான் என்று நான் நம்பினேன். நம்பித்தான் ஊர் ஊராகப் பெட்டி கட்டினேன், ஒவ்வொரு ஊரிலும் ஏதாவது ஒரு பல் டாக்டரிடம் போய் அடுத்தவர் பல்லைத் தேய்க்கும் வேலையில் சேர்ந்தேன்.

மேலே போய் இரண்டு நாள் ஆடிவிட்டுத் திரும்பி வருகிறவனை இங்கே 'காப்பி குடிச்சிட்டு வந்தவன்' என்பார்கள். அந்த இரண்டு நாள் போதும், சாகும்வரை சொல்லிக்கொள்ளலாம். வெஸ்லி அந்தக் காப்பியின் வாசனையைக்கூட முகர்ந்ததில்லை. அதற்குள் ஒருவன் கீழேயிருந்து ஏறி வந்தால் எனக்கு எப்படி இருக்கும்?

அதனால் அவனைக் கண்காணிக்க ஆரம்பித்தேன். போனில் எல்லாமே வருகிறது. நேரம் கெட்ட நேரத்தில் எந்தப் பட்டிக்காட்டு மைதானத்தில் ஆடினாலும் ஒவ்வொரு பந்தும் வருகிறது. முதல் வருடம் கரோலினாவில் போட்டார்கள். வளைந்து கீழே விழும் பந்தை அவனுக்கு ஆடவே தெரியவில்லை. மட்டையைச் சுற்றிவிட்டு, பந்து எங்கே போயிற்று என்று திரும்பித் திரும்பிப் பார்த்தான். ஒரே ஆட்டத்தில் நாலு தடவை அப்படி அவுட் ஆன அன்று நான் பீட்சா வரவழைத்தேன்.

அடுத்த வருடம் விஸ்கான்சின். ஏப்ரலில் அங்கே பனி கொட்டும், ஜார்ஜியாவின் வெயிலில் வளர்ந்தவன் விறைத்துப்போவான் என்று நினைத்தேன். ஒரு மாதம் விறைத்தான். அப்புறம் யாரோ அவன் மட்டைப் பிடியைக் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டிருக்கிறார்கள், அந்த வளைந்த பந்தைத் தொடாமல் விடக் கற்றுக்கொண்டான். ஜூலையில் ஹோம் ரன்னாக அடித்துத் தள்ளினான். எனக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை.

"உனக்கு வேற வேலையே இல்லையா, டெல்லா?" என்றான் வெஸ்லி.

"உனக்காகத்தான் பாக்கறேன்."

"அந்தப் பையன் உனக்கு என்ன பண்ணான்?"

"இன்னும் பண்ணல. பண்ணுவான்."

அவன் சிரித்துவிட்டு முழங்காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டான். தன் பிழைப்பு போகப்போகிறதே என்ற பயம் இல்லாத ஆண்பிள்ளையைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவனுக்கும் சேர்த்து நான் பயப்பட வேண்டியிருந்தது.

மூன்றாம் வருடம் டென்னஸி. மணிக்கட்டில் அடிபட்டு இரண்டு மாதம் ஆடாமல் இருந்தான். அந்த இரண்டு மாதம் நான் நிம்மதியாகத் தூங்கினேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. திரும்பி வந்தவன் முன்னைவிட நன்றாக ஆடினான். இந்த வருடம் மே மாதம், ஓஹாயோவில் எங்கள் படிக்கே வந்து சேர்ந்தான். சட்டையில் பெயர் ஒரு தோளிலிருந்து இன்னொரு தோள்வரை ஓடியது. வெஸ்லி நடுவில், சென்டரில். அவன் இடப்பக்கம், லெஃப்டில். இருவருக்கும் நடுவே கொஞ்சம் புல்.

அவனோடு அவன் அம்மாவும் வந்தாள். லொரெட்டா. மகன் ஆட்டத்துக்காகவே வாடகைக்கு வீடு எடுத்துத் தங்கியவள். வீரர்களின் மனைவிமார் உட்கார, வலைக்குப் பின்னால் இரண்டு வரிசை உண்டு. அங்கே சில விஷயங்களைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒருத்தியின் கணவன் மட்டை பிடிக்கும்போது பக்கத்தில் இருப்பவள் மெல்லுவதைக்கூட நிறுத்துவாள். அடுத்தவள் கணவனைப் பற்றி வாய் திறக்க மாட்டாள். லொரெட்டா முதல் நாளே என் பக்கத்து இருக்கையில் வந்து தொப்பென்று உட்கார்ந்தாள்.

"நீதான் வெஸ்லியோட அம்மாவா, கண்ணு?"

"மனைவி."

"அடடா, தப்பா நெனச்சுக்காதே. தொப்பி போட்டா யாருக்கும் வயசு தெரிய மாட்டேங்குது."

"பரவால்ல. உங்க பையனை நான் கரோலினாவுலேர்ந்தே பாத்துட்டு வரேன். ஒரு நாள் நாலு தடவை வெறும் காத்தை அடிச்சானே, பாவமா இருந்துச்சு."

அவள் கடலைத் தோலை மெதுவாக உரித்தாள். "என் பையன் ஆட்டத்தை அவ்ளோ கவனமாப் பாக்கறியா? இருக்கட்டும். உன் வீட்டுக்காரர் ஆட்டத்தைப் பாக்கக் கஷ்டமாத்தான் இருக்கும்."

பின்வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். அந்த நிமிடத்திலிருந்து எங்களுக்குள் ஏழாம் பொருத்தம். அவள் கண்ணு கண்ணு என்று கூப்பிட்டே கண்ணைத் தோண்டுகிறவள். நானும் சளைத்தவள் இல்லை. கோடைகாலம் முழுக்க ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒருத்தியை ஒருத்தி மென்றோம்.

ஜூலை கடைசியில் ஒரு பந்து மேலே போனது. சென்டருக்கும் லெஃப்டுக்கும் நடுவில் விழப் போகிற பந்து. சென்டரில் நிற்பவன் "எனக்கு" என்று குரல் கொடுத்துவிட்டால் மற்றவன் ஒதுங்க வேண்டும், அவுட்ஃபீல்டில் சென்டர் வைத்ததுதான் சட்டம். வெஸ்லி குரல் கொடுத்தான். கோல்பி கைக்கெட்டும் தூரத்திலேயே நின்றுவிட்டான். வெஸ்லி ஓடினான், ஓடினான், பந்து அவன் கையுறைக்கு ஒரு சாண் முன்னால் புல்லில் விழுந்தது. ஐந்து வருடத்துக்கு முன்னால் அந்தப் பந்தை அவன் சிரித்துக்கொண்டே பிடித்திருப்பான்.

அரங்கமே முனகியது. அப்போது அந்தப் பையன் தன் நெஞ்சைத் தட்டிக் கையை உயர்த்தினான், தப்பு தன்னுடையது என்று. எல்லோரும் அவனைத் திட்டினார்கள். தப்பு யாருடையது என்று எனக்குத் தெரியும், வெஸ்லிக்குத் தெரியும், லொரெட்டாவுக்கும் தெரியும். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எங்களுக்குப் பிச்சை போட இவன் யார்? அதற்காகவே அவனை இன்னும் அதிகமாக வெறுத்தேன்.

ஆகஸ்ட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல் ஆட்டம். மதியம் போனில் செய்தி வந்தது. மேலே பெரிய அணியின் சென்டர் ஃபீல்டருக்குத் தொடைச் சதை கிழிந்துவிட்டது. நான் மூன்று வருடமாக வேண்டிக்கொண்டது ஆள் மாறிப் பலித்திருந்தது. செய்தி வந்த கணத்தில் இரண்டு வரிசையும் எங்கள் இருவர் பக்கம் திரும்பியது. யாரையாவது மேலே கூப்பிட்டாக வேண்டும். சென்டர் ஆடத் தெரிந்தவர்கள் இங்கே இரண்டே பேர், வெஸ்லியும் கோல்பியும்.

"முப்பத்தொரு வயசுல யாரையும் கூப்பிட மாட்டாங்க, கண்ணு," என்றாள் லொரெட்டா. "சொல்றேன்னு வருத்தப்படாதே."

"இருபத்தொரு வயசுப் புள்ளையை அவசரப்பட்டு மேல ஏத்திக் கெடுக்கவும் மாட்டாங்க. நானும் சொல்றேன்னு வருத்தப்படாதீங்க."

அதன்பிறகு நாங்கள் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. வீரர்கள் உட்காரும் டக்அவுட்டையே பார்த்தோம். ஆட்டத்தின் நடுவில் மேலேயிருந்து அழைப்பு வந்தால், அந்த ஆளுக்கு ஏதும் அடிபட்டுவிடக் கூடாதென்று மேனேஜர் அப்போதே வெளியே எடுத்துவிடுவார். அவன் டக்அவுட்டுக்குள் வருவான், எல்லோரும் வரிசையாக அவனைக் கட்டிப்பிடிப்பார்கள். யாரும் அறிவிக்க வேண்டியதில்லை. கட்டிப்பிடித்தால் ஆள் மேலே போகிறான். வேலையை விட்டு அனுப்பப்படுகிறவனை யாரும் கட்டிப்பிடிப்பதில்லை. அவனை ஆட்டம் முடிந்தபின் மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்துவார்கள்.

ஒன்பது இன்னிங்ஸில் ஆறாவது. வெஸ்லி சென்டருக்குப் போய் நின்றுவிட்டான். பந்து வீசுகிறவன் கையைத் தூக்கப்போன நேரம், மேனேஜர் டக்அவுட்டிலிருந்து வெளியே வந்து நடுவரிடம் ஆட்டத்தை நிறுத்தச் சொன்னார். தூரத்தில் நின்ற வெஸ்லியைப் பார்த்துக் கையசைத்தார். வா என்று.

வெஸ்லி தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓடி வந்தான். அந்த மைதானத்தின் குறுக்கே அவ்வளவு மெதுவாக அவன் ஓடி நான் பார்த்ததில்லை. கோல்பி லெஃப்டிலிருந்து குறுக்கே வந்து அவனை வழியிலேயே பிடித்துக் கட்டிக்கொண்டான், பிறகு சென்டருக்குப் போய் நின்றான். டக்அவுட் படியில் முதல் ஆள் கட்டிப்பிடித்தான். இரண்டாம் ஆள். பயிற்சியாளர்கள். தண்ணீர் கொடுக்கிறவர்கூட.

நான் கத்தினேனா அழுதேனா என்று தெரியவில்லை. இரண்டு வரிசைப் பெண்களும் என்மேல் விழுந்தார்கள், ஒருத்தியின் பீர் என் முதுகில் கொட்டியது. பின்னால் இருந்த பொதுஜனம் எழுந்து நின்று கைதட்டியது. லொரெட்டா மட்டும் உட்கார்ந்தே இருந்தாள். சும்மா விட்டிருக்கலாம். நான் விடவில்லை.

"என்ன கண்ணு, முகம் செத்துப்போச்சு? உங்க புள்ளைக்கு வயசிருக்கு. இங்கேயே கெடந்து சென்டர் ஆடிப் பழகட்டும். வாடகை வீட்டை இன்னும் ரெண்டு வருஷத்துக்கு எழுதிப் போட்டுக்குங்க."

அவள் கடலைப் பொட்டலத்தை மடித்தாள். "நல்லா இருங்க," என்றாள். எனக்கு அது இனித்தது, பொய் சொல்ல மாட்டேன்.

படியில் இறங்கிக்கொண்டே நெப்ராஸ்காவில் இருக்கும் வெஸ்லியின் அப்பாவைப் போனில் கூப்பிட்டேன். வீட்டுக்குப் பின்னால் கம்பம் நட்டு வலை கட்டி, வெஸ்லிக்கு ஐந்து வயதிலிருந்து பந்து போட்ட மனிதர்.

"மாமா, கட்டிப்பிடிச்சுட்டாங்க. வெஸ்லியை மேல கூப்பிட்டுட்டாங்க."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. "இரும்மா," என்றார். "எல்லாரையும் வரச் சொல்றேன். அக்கம்பக்கத்துலயும் சொல்லணும். சொல்லிட்டு நானே கூப்பிடறேன்."

இருக்கைகளுக்குக் கீழே உடைமாற்றும் அறைக்குப் போகிற நடையில் வெஸ்லி தனியாக உட்கார்ந்து ஷூவின் நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தான். நான் ஓடிப்போய் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

"எப்போ ஃப்ளைட்? நான் பெட்டி எடுத்து வெக்கணும். நானும் வருவேன், டாக்டர் வேலையை விட்டுத் தூக்கினாலும் சரி, வருவேன்."

"டெல்லா."

"உங்க அப்பாகிட்ட சொல்லிட்டேன். அழறார்னு நெனைக்கிறேன்."

அவன் என் கைகளைக் கழுத்திலிருந்து எடுத்தான். "அப்பாகிட்ட ஏன் சொன்னே?"

"ஏன் சொல்லக் கூடாது?"

"யாரும் என்னைக் கூப்பிடல. காலையில நான்தான் மேனேஜர் ரூமுக்குப் போனேன். இன்னியோட போதும்னு சொல்லிட்டேன். அந்த ஜூலை பந்துக்கு அப்புறம் என்னால முடியல. பையன்களுக்கெல்லாம் தெரியும்."

"அப்போ அவங்க எதுக்குக் கட்டிப்பிடிச்சாங்க?"

அவன் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தான். "நான் கேட்டேன். ஆட்டம் முடிஞ்சு கதவைச் சாத்திட்டு அனுப்பாதீங்க, நடுவுல கூப்பிடுங்கன்னு கேட்டேன். எத்தனை பேரை நான் கட்டிப்பிடிச்சு மேல அனுப்பியிருக்கேன். ஒரே ஒரு தடவை எனக்கும் அது எப்படி இருக்கும்னு பாக்கணும்போல இருந்துச்சு."

"மேல நான் உக்காந்திருக்கேன்னு தோணலையா உனக்கு? காலையிலேயே எங்கிட்ட சொல்ல வாய் வரலையா?"

"சொல்லியிருந்தா நீ விட்டிருக்க மாட்டே."

விட்டிருக்க மாட்டேன்தான். காலில் விழுந்தாவது, கன்னத்தில் அறைந்தாவது இன்னும் ஒரு மாதம் ஆட வைத்திருப்பேன். அந்தக் கிழிந்த தொடைச் செய்திக்குக் காத்திருக்க வைத்திருப்பேன். மூன்று வருடமாக ஒரு ஜார்ஜியாப் பையனின் மணிக்கட்டையும் மட்டைப் பிடியையும் விரல் நுனியில் வைத்திருந்தேன். எனக்குப் பக்கத்தில் படுத்திருந்தவன் எப்போது விட்டுக்கொடுத்தான் என்று எனக்குத் தெரியாது. வெறுக்க வேண்டிய ஆளை விட்டுவிட்டு எவனையோ வெறுத்திருக்கிறேன்.

தலைக்கு மேலே திடீரென்று கூரை இடிகிற மாதிரிக் கைதட்டல் எழுந்தது. மறுபடியும் ஆட்டத்தை நிறுத்தியிருக்கிறார்கள். லொரெட்டாவின் குரல் தனியாகக் கேட்டது, மகனின் பெயரைக் கூவிக்கொண்டே இருந்தாள்.

"கோல்பியைக் கூப்பிட்டுட்டாங்க," என்றான் வெஸ்லி. அவன் முகத்தில் சந்தோஷம் இருந்தது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

என் கையில் போன் அடித்தது. எடுத்தேன். ஒரு வீடு நிறைய ஜனம் ஒரே நேரத்தில் கத்தியது. அவன் அக்கா, அக்கா பிள்ளைகள், யார் யாரோ. எல்லாச் சத்தத்துக்கும் மேலே கிழவரின் குரல், "எங்கே அவன், அவங்கிட்ட குடு" என்றது.

வெஸ்லி வேண்டாம் என்று தலையை ஆட்டினான். டெல்லா, வேண்டாம், நீ சொல்லிடு என்று வாயசைத்தான்.

நான் போனை அவன் மடியில் வைத்தேன்.

"உங்க அப்பா," என்றேன். "கட்டிப்பிடிச்சா எப்படி இருந்துச்சுன்னு அவர்கிட்ட சொல்லு."