கரிச்சான் ரசிகர் மன்றம், திண்டிவனம்

திண்டிவனத்தில் பஸ் ஏறும்போதே தென்னரசு ஒரு முடிவோடுதான் ஏறினான். பாட்டு நன்றாக இருக்கக் கூடாது. 'கரிச்சான்' ராக் குழுவின் புது ஆல்பத்தை விழுப்புரம் போய்ச் சேர்வதற்குள் கேட்டு முடிக்க வேண்டும், குப்பை என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், பிறகு டிராக்டர் ஷோரூமில் தன் வேலையைப் பார்க்க வேண்டும்.

அந்த ஒரு வார்த்தைக்கும் ஆட்கள் காத்திருந்தார்கள் என்பதுதான் விசேஷம். நம் பக்கத்தில் நடிகருக்கு மன்றம் வைப்பார்கள். கிடார் வாசிக்கிறவர்களுக்கு மன்றம் வைத்த ஒரே மகராசன் தென்னரசுதான். தலைவர் அவன், செயலாளர் ஜெராக்ஸ் கடை மாசிலாமணி. ரப்பர் ஸ்டாம்ப்கூட வைத்திருந்தார்கள். மன்றம் கலைந்து ஏழு வருடமாகியும் வாட்ஸாப் குரூப் மட்டும் சாகாமல் கிடந்தது. நேற்று அதில் மாசிலாமணி, சனிக்கிழமை விழுப்புரத்தில் கரிச்சான் கச்சேரி, வேன் பேசலாமா, தலைவர் ஆல்பத்தைக் கேட்டுவிட்டுச் சொல்லட்டும் என்று போட்டிருந்தான்.

மன்றம் கலையக் காரணம் பொம்மையார்பாளையத்தில் நடந்தது. கடலோர விடுதி ஒன்றில் கச்சேரி. வந்திருந்தவர்கள் பாயில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்கிற ரகம். நம்மவர்கள் குட்டியானை வண்டியில் ஃப்ளெக்ஸ், பால் பாக்கெட், பத்தாயிரம் வாலா சரம் சகிதம் போய் இறங்கினார்கள். பாடகன் படத்துக்குத் தென்னரசு பால் ஊற்றினான், சரத்துக்கு மாசிலாமணி தீ வைத்தான். ஒருத்தர் மேல் இருக்கிற பிரியத்தைக் காட்ட அவர்களுக்கு வேறு வழி தெரியாது. முதல் பாட்டு முழுக்க வெடிச் சத்தத்தில் போய்விட்டது. பாடகன் மைக்கிலேயே சொன்னான், "இது சினிமா கொட்டா இல்லப்பா. இவங்கள யாராவது வெளிய கூட்டிக்கினு போங்க."

பாயில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு தென்னரசின் காதை விட்டுப் போகவே இல்லை. மறுநாள் மன்றத்தைக் கலைத்தான். அதோடு அவர்கள் பாட்டையும் தலை முழுகினான்.

இப்போது முதல் பாட்டில் சத்தம் இருந்தது, சரக்கு இல்லை. தென்னரசுக்குச் சந்தோஷமாக இருந்தது. இரண்டாவதில் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே வாசித்தது. மூன்றாவதில் பாடகன் தத்துவம் பேசினான். கூட்டேரிப்பட்டு வருவதற்குள் தீர்ப்பு தயாராகிவிட்டது.

நாலாவது பாட்டுதான் வம்பு பண்ணியது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்பாவுக்காகக் காத்திருக்கிற மகனின் பாட்டு. ஒரு காலத்தில் தொண்டை கிழியக் கத்தியவன், பக்கத்து வார்டில் யாரும் விழித்துக்கொள்ளக் கூடாது என்பது மாதிரிப் பாடினான். ஒரு வரியில் குரல் உடைந்தது. அதைத் திருத்தாமல் அப்படியே விட்டிருந்தார்கள். முடிந்துவிட்டது என்று நினைத்த இடத்தில் டிரம்ஸ் மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

தென்னரசு இயர்போனைப் பிடுங்கினான். ஜன்னலைத் திறந்தான், மூடினான். மறுபடி மாட்டிக்கொண்டு அதே பாட்டைப் போட்டான். எழுந்து பின் சீட்டுக்குப் போனான். அங்கேயும் அதே பாட்டு, அதே அவஸ்தை.

"என்னா சார், சீட்டுல எதுனா குத்துதா?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"ஒண்ணுமில்லீங்க."

அவனுக்குக் கோபம் கோபமாக வந்தது. மனுசனை மனுசனாக மதிக்காதவன் இப்படி ஒரு பாட்டுப் பாடலாமா? விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றபோது போனை வாயருகே கொண்டுபோய்க் குரூப்பில் பேசிவிட்டான். "கேட்டேன். ஒண்ணும் தேறல. வேன்லாம் வேணாம்."

தலைவர் சொன்னால் சரி என்று வரிசையாகக் கட்டைவிரல்கள் விழுந்தன. அந்தத் திருப்தி பஸ் கிளம்புகிற வரைக்கும்கூடத் தாங்கவில்லை. மாசிலாமணி போன் பண்ணினான்.

"ஏம்பா, நாலாவது பாட்டுகூடவா?"

"அதுவுந்தான்."

பின்னால் ஜெராக்ஸ் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. "சரி வுடு. எனக்கு என்னமோ புடிச்ச மாதிரி இருந்துச்சு. கடையத் தொறந்ததுல இருந்து அதையேதான் போட்டுக்கினு இருக்கேன். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"நீ இன்னும் அவங்க பாட்டக் கேக்குறியா?"

"எல்லாத்தையும் கேட்டுக்கினுதான் இருக்கேன். சொன்னா நீ வருத்தப்படுவன்னு சொல்லல. ஒரு பாட்டு நல்லாருந்தா யாருகிட்டயாவது சொல்லணும்னு இருக்கும் இல்ல? குரூப்ல போட்டா நீ பாப்ப. அதான் தனியாவே கேட்டுக்கினு கெடந்தேன்."

தென்னரசுக்குச் சுருக்கென்றது. பாடகன் அவர்களை வெளியே அனுப்பியது ஒரே ஒரு சாயங்காலம். தான் இவனை வெளியே நிறுத்தி வைத்திருப்பது ஏழு வருடம். வெட்கமாக இருந்தது, அழுகையும் வரும் போலிருந்தது.

"மாசிலா, பொய் சொன்னேன்டா. அந்தப் பாட்டத் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கினு வர்றேன். குரல் ஒடையுது பாரு ஒரு எடத்துல..."

"ஆமா, ஆமா."

"நீ வேன் பேசு. பொய் சொன்னேன்னு குரூப்ல நானே போடுறேன்."

"அத அப்புறம் போட்டுக்கலாம்." கடையில் யாரோ ஆதார் ஜெராக்ஸ் கேட்டு அதட்டுவது போனில் கேட்டது. மாசிலாமணி அதைக் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. "அந்தக் குரல் ஒடையற எடம்னியே, மொதல்ல அதச் சொல்லு. நிதானமா சொல்லு."