சாப்பிட்ட கையோடு கட்சி மாறணும்

"ரெண்டு வருஷத்துக்கு எழுதியே தர்றாங்க அண்ணி, ரெண்டு வருஷத்துக்கு நிரந்தர வேலை, இன்னொரு மெஷின் வாங்கலாம்..."

"ரெண்டு வருஷத்துக்குத் தூக்கம் போச்சுன்னு சொல்லு. உன் முனையை இழுத்துப் பிடி, தொங்குது."

"தொங்கல. நீங்கதான் விட்டுட்டீங்க. மெஷின் வாங்கலாம்னு சொல்ல வந்தா..."

"வாங்கி? ராத்திரி பூரா அது சுத்தறதைப் பார்த்துக்கிட்டு உட்காரணுமா?"

சலவைக் கடையின் பின்னறையில், ஒரு படுக்கை விரிப்பின் நான்கு முனைகளை ஆளுக்கு இரண்டாகப் பிடித்துக்கொண்டு எதிரும் புதிருமாக நின்றார்கள். இழுத்து ஒரு உதறு, நெருங்கி வந்து முனையோடு முனை, விலகி மறுபடி ஒரு உதறு. வாய் தன் பாட்டுக்கு ஓடும், கை தன் பாட்டுக்கு ஓடும். பதினெட்டு வருஷமாக இப்படித்தான்.

அண்ணிக்கு ஐம்பத்து நாலு. நாத்தனாருக்கு நாற்பத்தெட்டு, ஆனாலும் வீட்டில் அவள் இன்னும் பாப்பாதான். கல்யாணம் வேண்டாமென்று சொல்லிவிட்டு அண்ணன் வீட்டு மாடியறையில் இருக்கிறாள். கடை இரண்டு பேருக்கும் சரிபாதி. அண்ணன்காரர் வேனில் துணி எடுத்து வருவார், கொண்டு போய்க் கொடுப்பார். கடை விஷயத்தில் அவருக்கு ஓட்டு கிடையாது.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் புதிதாகத் திறந்த விடுதியிலிருந்து கடிதம் வந்திருந்தது. அறுபது அறை. தினமும் சாயந்திரம் அழுக்கு விரிப்புகளை எடுத்துக்கொண்டு, மறுநாள் காலை ஏழு மணிக்குள் துவைத்து மடித்துக் கொண்டு வந்து சேர்க்க வேண்டும். பதிலை இன்று ஐந்து மணிக்குள் சொல்லிவிட வேண்டும்.

கடைக்கு இது வேண்டிய வேலைதான். இருக்கிற ஒரே மெஷின் வாரத்துக்கு மூன்று தடவை மூச்சை விடுகிறது. துணி தாமதமாகிறதென்று போன மாதம் உடற்பயிற்சி நிலையத்துக்காரர் துண்டுகளை எல்லாம் வேறு கடைக்கு மாற்றிவிட்டார். இன்னும் இரண்டு பேர் அப்படிக் கிளம்பினால் கதவைச் சாத்த வேண்டியதுதான்.

அவர்கள் போட்டது கோபச் சண்டை இல்லை, சட்டச் சண்டை. கடை ஆரம்பித்த மூன்றாம் வருஷம் ஒரு பெரிய சாப்பாட்டுக் கடை மேசை விரிப்புகளுக்கு ஒப்பந்தம் நீட்டியது. இரண்டு பேரும் ஒரே வாயாகச் சரி என்றார்கள். அப்புறம் ஒரு வருஷம் எண்ணெய்க் கறையோடு மல்லுக்கட்டினார்கள். நகம் தேய்ந்தது, கறை தேயவில்லை. எதிர்த்துப் பேச ஒரு ஆள் இருந்திருந்தால் இந்தக் கதி வந்திருக்குமா என்றாள் அண்ணி. அன்று போட்ட சட்டம். கடிதத்தைப் பிரிக்கிறவள் வேண்டாம் கட்சி, மற்றவள் வேணும் கட்சி. மத்தியானம் சாப்பிட்ட கையோடு கட்சி மாறிவிடணும். இரண்டு பக்கத்தையும் இரண்டு வாயும் பேசித் தீர்த்த பிறகுதான் முடிவு.

"ராத்திரி வேலையை நான் பார்த்துக்கறேன்," என்றாள் பாப்பா. "எனக்கென்ன, புருஷனா பிள்ளையா? பகல்ல நீங்க தெருத் துணியைப் பாருங்க."

"பேய் மாதிரி முழிச்சுக்கிட்டு இருப்பியா?"

"பேய்க்குச் சம்பளம் கிடையாது. எனக்கு உண்டு."

முன்பக்கம் வேன் வந்து நின்ற சத்தம் கேட்டது. அண்ணன்காரர் மூட்டையோடு உள்ளே வந்தார்.

"எந்தக் கட்சி ஜெயிக்குது?"

"நீங்க மூட்டையை இறக்குங்க," என்றார்கள் இரண்டு பேரும்.

மூன்று பேரும் இஸ்திரி மேசையை ஒதுக்கிவிட்டு அதிலேயே சாப்பிட்டார்கள். சாப்பிடும்போது ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசக் கூடாது, அதுவும் சட்டம்தான். அண்ணி கை துடைத்துக்கொண்டு வந்து அடுத்த விரிப்பை எடுத்தாள். பாப்பா எதிரே போய் நின்றாள்.

"இப்ப நான் வேணும் கட்சி," என்றாள் அண்ணி. தொண்டையைச் செருமிக்கொண்டாள். "இந்த வேலை நமக்கு வேணும். இருக்கிற ஒத்தை மெஷினை நம்பி இனிமே நாள் ஓட்ட முடியாது. ரெண்டாவது மெஷின் வந்தா, போனவங்க திரும்பி வருவாங்க. கூரையில ஒழுகற இடத்தையும் அடைச்சிடலாம்."

"நல்லாத்தான் இருக்கு. ராத்திரி யார் முழிக்கறது?"

"நீ. காலைல நீயே சொன்னியே."

"அது அந்தக் கட்சி சொன்னது. அந்தக் கட்சி இப்ப உங்களோடது."

"சரி, நானே சொல்றேன். ராத்திரி பாப்பா பார்த்துப்பா. அவ கெட்டிக்காரி. விடிஞ்சதும் நான் வருவேன், அவ கிளம்பிப் போய்த் தூங்குவா. நான் கடையைச் சாத்தற நேரத்துக்கு அவ வந்துடுவா."

"துவைக்கிறதை மெஷின் துவைக்கும். மடிக்கிறதை யார் மடிக்கிறது? ஒத்தை ஆளா இதை எப்படி மடிக்க?" பாப்பா விரிப்பை ஒரு உதறு உதறினாள்.

அண்ணி உதறவில்லை. பாப்பாவின் உதறல் அலையாக வந்து அண்ணியின் கையருகே அடங்கியது.

"ஆள் வச்சுக்கலாம்," என்றாள் அண்ணி.

"எந்த ஆள்?"

"யாராவது ஒருத்தி. எதிர்ல நின்னு முனையைப் பிடிக்க. உனக்கு ஒருத்தி, பகல்ல எனக்கு ஒருத்தி."

"ம், மேல சொல்லுங்க. வேணும் கட்சிக்கு வாய் கட்டிப்போச்சா?"

"எனக்கு இந்தக் கட்சி வரல, பாப்பா."

இத்தனை வருஷத்தில் இரண்டு பேரில் ஒருத்திகூட அப்படிச் சொன்னதில்லை. வேண்டாத ஒப்பந்தத்துக்குக்கூட அண்ணி அரை மணி நேரம் அழகாகப் பரிந்து பேசியிருக்கிறாள்.

"வரலைன்னா எப்படி அண்ணி? சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல."

"அப்ப நீயே ரெண்டு பக்கமும் பேசிக்க. நீ காலைல எவ்வளவு ஜோரா பேசினே."

பாப்பா நெருங்கி வந்து தன் முனைகளை அண்ணியின் கையில் வைத்தாள். வைத்தவள் கையை எடுக்கவில்லை.

"எனக்கும் காலைல வரல. வந்த மாதிரி பேசினேன்."

"ஏன்டி?"

"கடையைச் சாத்திட்டா நீங்க என்ன பண்ணுவீங்க? நாள் பூரா வீட்டுல உட்கார்ந்து எங்க அண்ணனைப் பார்த்துக்கிட்டா இருப்பீங்க?"

"நான் இங்கதான் இருக்கேன்," என்றார் அண்ணன்காரர், மூட்டைகளுக்கு நடுவிலிருந்து.

"தெரியும்," என்றாள் அவர் தங்கை.

அண்ணிக்குச் சிரிப்பு வந்தது, மூக்கும் ஒழுகியது. விரிப்பாலேயே துடைக்கப் போனவள், துவைத்த துணி என்று ஞாபகம் வந்து தோளில் துடைத்துக்கொண்டாள்.

"விடுதிக்காரங்களுக்கு எதுக்குத் துணி விடிஞ்சும் விடியாம வேணும்னு கேட்டீங்களா?" என்றார் அண்ணன்காரர்.

"எதுக்காம்?"

"மாதிரிக்குத் துவைச்சுக் காட்டத் துணி வாங்கப் போனப்ப பார்த்தேன். அலமாரி காலி. கட்டில்ல ஒரு செட், துவைக்கப் போட ஒரு செட், அவ்வளவுதான் வாங்கியிருக்காங்க. ராத்திரியே துவைக்கலைன்னா மறுநாள் விரிக்க ஒண்ணும் இருக்காது."

"இதை ஏங்க காலைலயே சொல்லல?"

"எனக்குத்தான் ஓட்டு கிடையாதே."

இரண்டு பெண்களும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

"மூணாவது செட் ஒண்ணு இருந்தா," என்றாள் பாப்பா, "சாயந்திரம் எடுக்கறதை மறுநாள் பகல்ல துவைக்கலாம்."

"சாயந்திரம் மடிச்சே கொண்டு போகலாம்."

"புது மெஷினும் பகல்லயே ஓடும்."

"அவங்க செலவு பண்ணி வாங்கணுமே. மாட்டோம்னு சொல்லிட்டா?"

பாப்பா சுவர்ப் பக்கம் திரும்பினாள். அங்கே பழைய மெஷின் தடதடத்துக்கொண்டிருந்தது.

"சொல்லிட்டா வேலை போகட்டும். அப்புறம் கடை எத்தனை நாள் ஓடுதோ ஓடட்டும், அண்ணி. ரெண்டு பேரும் சேர்ந்தே சாத்தலாம்."

நாலரை மணிக்கு அண்ணி போனை எடுத்து, ராத்திரி வேலை மட்டும் தங்களால் ஆகாது என்றாள். பாப்பா காதை ஒட்ட வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். விடுதி மேலாளர் நிறையப் பேசினார். மற்ற கடைக்காரர்கள் எல்லாம் ராத்திரி செய்யத் தயார் என்றார். மாதிரிக்கு இவர்கள் துவைத்துக் கொடுத்த துணிதான் சுத்தமாக இருந்தது, அதனால்தான் முதலில் இவர்களைக் கேட்டதாகவும் சொன்னார். ராத்திரிக்குக் கூலிக்கு ஆள் போட்டால் தீர்ந்தது என்றார்.

"போடலாம் சார்," என்றாள் அண்ணி. "ஆனா நீங்க பார்த்து சுத்தமா இருக்குன்னு சொன்னீங்களே, அது நாங்க ரெண்டு பேரும் எதிரெதிரா நின்னு செஞ்சது. எங்களுக்கு வேலை வேணும், இல்லைன்னு சொல்லல. நீங்க இன்னொரு செட் வாங்கிப் போடுவீங்களா?"