பதினோரு குடங்கள்

ராயபுரம் கிறிஸ்டினா பாலைவனம் எதையும் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் உலகத்து வறண்ட நிலங்களையெல்லாம் வகை பிரிப்பதுதான் அவளுக்கு வயிற்றுப்பிழைப்பு. வானத்திலிருந்து எடுத்த படங்கள் கணினியில் வரும். மிதவறட்சி, வறட்சி, கடும்வறட்சி என்று ஒன்றைத் தட்டி, அங்கே எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்றும் போடவேண்டும். எந்த ஊர் என்பது அதற்குப் பிறகுதான் தெரியும்.

வியாழக்கிழமை மதியம் சாம்பல் நிறத்தில் ஒரு படம் வந்தது. பாதி புதைந்த சில கூரைகள், நடுவே வரிசையாகப் பதினோரு வண்ணப் புள்ளிகள். ஆள் ஒருவரும் இல்லை. கடும்வறட்சி, மக்கள் பூஜ்யம் என்று தட்டினாள். ஊர்ப்பெயர் வந்தது: எண்ணூர்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அது மணல் இல்லை, அனல்மின் நிலையத்துச் சாம்பல். புள்ளிகள் தண்ணீர்க் குடங்கள். குழாயடியில் குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி என்பது வடசென்னையில் கைக்குழந்தைக்கும் தெரியும். இவளுக்கு மட்டும் அந்த நேரத்தில் புத்தி மழுங்கிப்போனது. அக்கா ஆலிஸ் புருஷன் பிள்ளைகளோடு அங்கேதான் இருக்கிறாள். போன் போட்டால், அப்படியொரு எண்ணே இல்லை என்றது. காலையில்தான் பேசியிருந்தாள்.

மேற்பார்வையாளர் வால்டரைப் போனில் கூப்பிட்டு, பூஜ்யத்தை மாற்றவேண்டும் என்று அழாத குறையாகச் சொன்னாள்.

"ஆறு மணிக்குப் புதுப் படம் வரும்மா. அதுல ஆள் தெரிஞ்சா மாத்தலாம். அப்பால கணக்கப் பூட்டிடுவாங்க."

ஷேர் ஆட்டோ பிடித்து எண்ணூருக்கு ஓடினாள். எல்லாரையும் வெளியே இழுத்து நிறுத்திவிட்டால் போதும். ஆனால் தெருவில் ஈ காக்கை இல்லை. கதவுகள் திறந்தே கிடந்தன. ஆலிஸ் வீட்டு அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. வாசல் சாம்பலில் ஒரு காலடி கூட இல்லை. குழாயடியில் மட்டும் பதினோரு குடங்கள். அக்காவின் சிவப்புக் குடத்தை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

ஆறு மணிக்கு வால்டர் கூப்பிட்டார். "படம் வந்துகீதும்மா. ஒரே ஒரு ஆளு நிக்குது."

"குடத்த எண்ணுண்ணே! குடம் நின்னா ஆள் நின்ன மாதிரிதானே!"

"இன்னா குடம்? ஒண்ணும் இல்லியே."

திரும்பிப் பார்த்தாள். குழாய் இருந்தது. குடங்கள் இல்லை, வைத்திருந்த தடம் கூட இல்லை. கையிலிருந்த குடத்தை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"டைம் ஆயிட்ச்சி. ஒண்ணுன்னு போட்டுடவா?"

"ரெண்டுண்ணே," என்றாள் கிறிஸ்டினா. "ரெண்டுன்னு போடு."