தங்கத் தகட்டுப் பாடம்

தேயிலைத் தோட்டத்து லயத்தில் வீட்டுக்கு வீடு இடைச்சுவர் கூரையைத் தொடுவதில்லை. அதனால் விடியற்காலையில் பரிமளம் சத்தம் போட்டுப் படித்ததெல்லாம் பக்கத்து வீட்டு ராக்காயியின் காதில் விழுந்தது. "மெல்லிய தங்கத் தகட்டின் மேல் துகள்களை ஏவினார்கள். பெரும்பாலானவை ஊடுருவிச் சென்றன. சில, ஏவிய திசைக்கே திரும்பி வந்தன."

தகடு, ஏவல், திரும்பி வருவது. ராக்காயிக்கு வேறென்ன வேண்டும்? அவள் மாடு பால் மறுத்து மூன்று நாளாகிறது. காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு ஆள் சேருவதற்குள் பரிமளம் செய்வினைக்காரி என்று தோட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

பரிமளத்துக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது, தோட்டத்து ஆபீஸில் பெரிய கிளாக்கர் ராமநாதன் நற்சான்றுக் கடிதத்தில் கையெழுத்துப் போட மறுக்கும் வரை. அது இல்லாமல் ஆசிரியர் பரீட்சைக்கு எழுதிப்போட முடியாது. நாளைக்குக் கடைசி நாள். விட்டால் காலம் முழுக்கக் கொழுந்துக் கூடைதான்.

"தகடு வைக்கிறவளுக்கு நான் நற்சான்று குடுக்கணுமா?" என்றார் ராமநாதன்.

"ஐயா, அது அணுவைப் பத்தின சோதனைங்க. பனிமூட்டத்துல சரிவுல கல்லெறிஞ்சா எல்லாம் போயிரும், ஒண்ணு மட்டும் மரத்துல பட்டுத் திரும்பும்ல? அப்படித்தான் தெரிஞ்சுக்கிட்டாங்க. அணு முக்காவாசி வெற்றிடம். நடுவுல சின்னதா, கெட்டியா ஒரு கரு இருக்கு."

"கருவா?" அவர் முகம் வெளிறியது. "கரு வேற எடுத்து வச்சிருக்கியா?"

படித்த மனிதர். இங்கிலீஷில் கடிதம் எழுதித் துரையையே மயக்குபவர். நெற்றியில் பட்டை, மூக்கில் கண்ணாடி, மண்டைக்குள் தேங்காய் நார்.

ராமநாதன் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். "மகனுக்கு நுவரெலியாவுல கவர்மெண்டு வேலை ஆகணும். எனக்கும் ஒரு தகடு பண்ணிக் குடு. கையெழுத்துப் போடுறேன்."

அவர் முகத்தில் காறித் துப்பலாம் போலிருந்தது பரிமளத்துக்கு. ஆனால் நாளைக்குக் கடைசி நாள். மூலையில் கிடந்த தேயிலைப் பெட்டியின் ஈயத்தாளில் ஒரு துண்டைக் கிழித்தாள். 'உள்ளே முக்கால்வாசி வெற்றிடம்' என்று ஊக்கால் கீறி, சுருட்டி நீட்டினாள்.

"பிரிச்சா பலிக்காதுங்க."

ராமநாதன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

லயம் வரும் வரை அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. வாசலில் நின்ற ராக்காயி அவளைக் கண்டதும் மகளை உள்ளே இழுத்துக் கதவைத் தாழிட்டாள். அந்தப் பிள்ளைக்குத்தான் பரிமளம் பாடம் சொல்ல ஆசைப்பட்டது. காலை வரை 'எல்லாம் பொய்' என்று அவளால் கதவைத் தட்டிச் சொல்லியிருக்க முடியும். இப்போது தன் கையாலேயே ஒரு தகடு செய்து கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.