ஏழாவது ஐட்டம்

மழை பெய்யக் கூடாது என்று ஜூஜுவாடியில் சாமி கும்பிட்ட ஒரே ஆள் முனிலட்சுமியாகத்தான் இருக்கும். மழை பெய்தால் போர்வெல்லில் தண்ணீர் ஏறும். தண்ணீர் ஏறினால் டேங்கர் லாரி வராது. லாரி வராவிட்டால் விடிகாலை ஐந்து மணிக்கு அபார்ட்மென்ட் கேட் திறக்காது. கேட் திறக்காவிட்டால் ஐந்து பத்துக்கு ஹைவே முனையில் நிற்கும் கம்பெனி பஸ்ஸை அவள் பிடிக்க முடியாது.

இந்தக் கூத்து ஐந்து மாதமாக நடக்கிறது. பார்க்கிங்கில் யாரோ ஒருவருடைய பைக் திருட்டுப் போனதும், காலை ஐந்தரை வரைக்கும் டேங்கருக்குத் தவிர யாருக்கும் கேட்டைத் திறக்கக் கூடாது என்று செக்ரட்டரி ஆனந்தராஜ் உத்தரவு போட்டுவிட்டார். மற்ற வீட்டுக்காரர்களுக்கெல்லாம் ஜெனரல் ஷிப்ட். எட்டு மணிக்குக் கிளம்புகிறவர்களுக்கு அந்தப் பூட்டு எங்கே உறுத்தப்போகிறது?

வாட்ச்மேன் ஆஞ்சப்பன் நல்ல மனுஷன்தான். ஆனால் செக்ரட்டரி படுக்கையில் கிடந்தபடியே போனில் கேமராவைப் பார்ப்பார் என்ற பயம் அவருக்கு. "லாரி உள்ள வரப்ப சந்துல ஓடிடு தாயி. அதுக்கு மேல என்னால ஆவாது" என்பார். முனிலட்சுமியும் சோற்று டப்பாவை அணைத்துக்கொண்டு லாரிக்கும் கேட்டுக்கும் நடுவே ஒண்டி ஓடியிருக்கிறாள். லாரி வராத மூன்று நாள் பஸ் போய்விட்டது. நாலாவது முறையும் தவறினால் லைன் லீடர் வேலையை ரூபாவுக்குக் கொடுத்துவிடுவோம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். ஒன்பது வருஷம் லைனில் கால் கடுக்க நின்று வாங்கிய பதவி. அதை ஒரு பூட்டுக்குத் தாரை வார்க்க அவளுக்கு மனசில்லை.

எழுதிக் கொடுக்காமல் இல்லை. முதல் மாதமே கொடுத்தாள். ஆனந்தராஜ் அதை அஜெண்டாவில் ஏழாவதாகப் போட்டார். அதற்குப் பிறகு ஐட்டம் கிடையாது. மாதக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு. பன்னிரண்டரைக்கு மாடியிலிருந்து கறிக்குழம்பு வாசனை இறங்கும். ஐந்தாவது ஐட்டத்திலேயே நாற்காலிகள் காலியாகிவிடும். "மீதி அடுத்த மாசம்" என்று ஆனந்தராஜ் பைலை மூடுவார். ஐந்து மாதமும் இதே கதை. முன்னால் போடுங்கள் சார் என்று கேட்டதற்கு, "வரிசைன்னு ஒண்ணு இருக்குதும்மா" என்றார். அந்த வரிசையைப் போடுகிறவரே அவர்தான் என்பது வேறு விஷயம்.

ஆனந்தராஜ் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் முப்பத்தொரு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். காகிதத்தில் இல்லாத எதையும் நம்பமாட்டார். அவருக்கு நேர் எதிர் சங்கத் தலைவர் திம்மப்பன். அபார்ட்மென்ட் நிற்கிற இடமே திம்மப்பன் முட்டைகோஸ் போட்ட நிலம். அதற்குப் பதிலாக வந்த நாலு வீடும், தலைவர் பதவியும், எல்லாம் இன்னும் தன் தோட்டம்தான் என்ற நினைப்பும் அவரிடம் இருந்தன. "நிலம் என்னுது, அஜெண்டா மட்டும் அவருதா?" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

இந்த மாதம் அவரே ஓர் அஜெண்டா எழுதிவிட்டார். நோட்டீஸ் போர்டின் கண்ணாடிச் சாவி செக்ரட்டரியிடம் இருந்ததால், தன் காகிதத்தைக் கண்ணாடிக்கு வெளியே, செக்ரட்டரியின் அஜெண்டாவை மறைக்கிற மாதிரி ஒட்டினார். செக்ரட்டரி கிழித்தார். தலைவர் கோந்து போட்டு ஒட்டினார். முனிலட்சுமி இரண்டையும் படித்துப் பார்த்தாள். முதல் ஆறும் வேறு வேறு. ஏழாவது மட்டும் இரண்டிலும் ஒன்று: கேட் திறக்கும் நேரம். ஜென்மப் பகையாளிகள் இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே இடம் அவளைக் கடைசியில் தள்ளியதுதான் என்று பார்த்தபோது அவளுக்கு ஆத்திரத்தில் கண் கலங்கியது.

அந்த வாரம் மூன்று நாள் அடைமழை. போர்வெல் நிறைந்துவிட்டது, திங்கட்கிழமையிலிருந்து ஒரு வாரத்துக்கு லாரி வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது என்றார் ஆஞ்சப்பன். முனிலட்சுமி நாளை எண்ணிப் பார்த்தாள். இந்த ஞாயிற்றுக்கிழமை விட்டால் அவ்வளவுதான்.

கூட்டம் பார்க்கிங்கில் தொடங்கியது. எந்த அஜெண்டா செல்லும் என்பதிலேயே முக்கால் மணி நேரம் போனது. திம்மப்பனுக்குக் கோபம் வந்தால் கன்னடம் வந்துவிடும். "ஆகல்ல, ஆகல்ல, முடியாது. முகப்பு ஆர்ச்சுக்குப் பச்சை பெயிண்ட் அடிக்கச் சொல்லி ஆள் வெச்சிட்டேன். அதுக்கு உங்க காகிதம் எதுக்கு?"

ஆனந்தராஜ் எழுந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை. "தலைவரே, எல்லாரும் கேட்டுக்கங்க. அஜெண்டாவுல வராம, கூட்டத்துல பேசாம, யாரு போட்ட உத்தரவும் இந்தச் சங்கத்துல செல்லாது. பெயிண்டும் செல்லாது."

முனிலட்சுமி இதுவரை கூட்டத்தில் வாயைத் திறந்ததில்லை. அன்றைக்கு அவளுக்கே தெரியாமல் எழுந்துவிட்டாள்.

"சார், ஒரு சந்தேகம். அஞ்சரை வரைக்கும் கேட்டைப் பூட்டணும்னு போட்டீங்களே, அது எந்த மாசத்து அஜெண்டாவுல எத்தனாவதா வந்துதுங்க?"

"பைல்லயே இருக்கும்மா, காட்டறேன்" என்று ஆனந்தராஜ் தெம்பாகத்தான் பைலைத் திறந்தார். ஒரு மாதம் புரட்டினார். அடுத்த மாதம் புரட்டினார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து புரட்டினார். பைக் போன பதற்றத்தில் அன்று இரவே வாய்வார்த்தையாகச் சொன்ன உத்தரவு அது. அதை எழுத வேண்டும் என்பது அந்த மனுஷனுக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை.

"அது... அவசர நடவடிக்கை" என்றார்.

"அஜெண்டாவுல இல்லியே, செக்ரட்டரி" என்றார் திம்மப்பன். அறுவடை முடிந்த சந்தோஷம் அவர் முகத்தில்.

ஆனந்தராஜைப் பற்றி என்ன சொன்னாலும் சொல்லலாம், தன் சட்டத்தைத் தனக்கு மட்டும் வளைக்கிற ஆள் இல்லை. பைலை மூடினார். யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்: "ஆஞ்சப்பா, நாளையிலருந்து கேட்டைப் பூட்டாத. அப்படியொரு உத்தரவு இல்ல."

முனிலட்சுமிக்கு அவரைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது. பாவம் ஒரு நிமிஷம்தான்.

மறுநாள் ஐந்து மணிக்கு லாரியும் இல்லை, ஓட்டமும் இல்லை. அகலத் திறந்த கேட் வழியாக அவள் சாவகாசமாக நடந்தாள். பஸ் வருவதற்கு முன்பே போய் நின்றாள். ஐந்து மாதத்தில் முதல் முறையாக ஜன்னல் சீட் கிடைத்தது. அத்திப்பள்ளி பக்கம் லாரிகள் வரிசையாக விளக்கெரியப் போய்க்கொண்டிருந்தன. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, பக்கத்தில் தூங்கியவளை எழுப்பிச் சொல்லலாம் போலிருந்தது.

ஆனால் ஆனந்தராஜ் சும்மா இருப்பாரா? அடுத்த மாத அஜெண்டாவில் 'கேட்டை மறுபடி பூட்டுதல்' என்று முதல் ஐட்டமாக எழுதினார். தன் கையெழுத்து இல்லாமல் அஜெண்டா ஒட்டக் கூடாது என்றார் திம்மப்பன். நாலு நாள் இழுபறிக்குப் பிறகு பெயிண்ட் முதலாவதாகப் போனது, பூட்டு ஏழாவதாக வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை முனிலட்சுமி முதல் வரிசையில் உட்கார்ந்தாள். பெயிண்ட் பச்சையா என்று கேட்டாள். இலைப்பச்சையா கிளிப்பச்சையா என்று கேட்டாள். மழைக்குத் தாங்குமா, முன்னால் ஒரு கோட் வெள்ளை அடிக்க வேண்டாமா என்று கேட்டாள். இத்தனை அக்கறையாக ஒருத்தி கேட்கிறாளே என்று திம்மப்பன் பூரித்துப்போய் ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரம் பதில் சொன்னார். நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டிருந்தன.

ஆனந்தராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு இருபது. அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் உறுப்பினர் கேள்வி கேட்கக் கூடாது என்று எந்த அஜெண்டாவிலும் இல்லை.

"இன்னும் ஏதாவது இருக்குதாம்மா?" என்றார்.

"ரெண்டே ரெண்டு இருக்குதுங்க சார்" என்றாள் முனிலட்சுமி.